சீனி வைத்து அனுப்பிய தட்டு

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம் என் மகளுக்கு ஏழு வயது. ஊர்வலத்துக்காகப் பள்ளியில் நடை பழக்கினார்கள். பண்டார் ஹிலிர் திடலை ஒருமுறை சுற்றி வருவதற்குள் அவள் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டாள் என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார். கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். எடை மிக அதிகம், இனிப்பையும் சோற்றையும் குறையுங்கள், அடுத்த மாதம் வாருங்கள் என்றார் மிஸ்ஸி; நர்சை அப்படித்தான் கூப்பிடுவோம்.

கைக்குழந்தையாக இருந்தபோது அவளைக் கொழுகொழுவென்று இருப்பதாக எல்லாரும் மெச்சினார்கள். அந்த மெச்சலுக்காகவே டின்பாலை ஒரு கரண்டி கூடுதலாகக் கலக்கிக் கொடுத்தேன். டின்னில் போட்டிருந்த அளவை வாசிக்கத் தெரிந்தவள்தான் நான்.

மறுநாளே வீட்டில் பலகாரம் சுடுவதை நிறுத்தினேன். காலையில் இரண்டு தோசை, மத்தியானம் ஒரு அகப்பைச் சோறு, நிறையக் கீரை. அவள் இன்னொரு தோசை கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

காஜா பேராங்கில் எங்கள் பக்கத்து வீடு செட்டிக் குடும்பம். பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறியவர்கள் என்பதால் அந்த வீட்டு அம்மாவுக்குத் தமிழ் வராது; மலாயில்தான் பேசிக்கொள்வோம். என்னைவிட மூத்தவர், காக் என்று கூப்பிடுவேன். தேங்காய்ப் பூரணம் வைத்துச் சுருட்டிய கெத்தாயாப் அடிக்கடி அவரிடமிருந்து தட்டில் வரும். வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் கணவரிடம் கொடுத்து ஆபீசுக்கு அனுப்பினேன். வந்த தட்டைக் காலியாகத் திருப்பக் கூடாது என்பது இரண்டு வீட்டுக்கும் பொதுவான வழக்கம். வேறொன்றும் இல்லாததால் இரண்டு கரண்டி சீனி வைத்து, மகள் கையில் கொடுத்துவிடுவேன்.

அடுத்த மாதம் தராசில் எடை கூடியிருந்தது. மிஸ்ஸி என்னைப் பார்த்த பார்வையில், நான் பொய் சொல்கிறேன் என்ற சந்தேகம் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செம்பருத்தி வேலியோரம் அவள் நின்றாள். விரலை நக்கி, சீனியில் ஒற்றி, வாயில் வைத்தாள். தட்டு சுத்தமாகும் வரை அப்படியே செய்தாள். பிறகு பாவாடையில் துடைத்துவிட்டு அந்த வீட்டுக்குள் போனாள்.

நானும் பின்னாலேயே போனேன். காக் வீட்டு அடுப்படியில் அவள் முன்னால் சோறும் மீன் குழம்பும் இருந்தன.

காக் என்னைக் கண்டதும் தயங்கினார். ஒவ்வொரு முறையும் தட்டு காலியாகத்தான் வந்ததாம். "உங்க வீட்டில் சூசா என்று நினைத்தேன். பிள்ளை பசியோடு வருகிறதே என்று போட்டேன்" என்றார் மலாயில்.

சூசா என்றால் கஷ்டம். ஒரு மாதமாக அந்த வீட்டார் எங்களுக்காக இரக்கப்பட்டிருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே என்னால் சொல்ல முடியாமல் போனதை அப்போது சொன்னேன்: என் பிள்ளைக்கு எடை அதிகம்.

"அதைச் சொல்ல இவ்வளவு நாளா?" என்றார் காக்.

மகள் தலையைத் தூக்கவில்லை. "பசிச்சுச்சும்மா. நீங்க பாவமா இருந்தீங்க, அதான் கேக்கல" என்றாள்.

மறுநாள் காலை மூன்றாவது தோசையை நானே வைத்தேன். சரியா தப்பா, இன்றும் தெரியவில்லை. சாயங்காலம் தட்டில் வெண்டைக்காய் வைத்து அவளிடம் கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். அவள் வேலியோரம் நிற்கவில்லை. காக் வீட்டு வாசலை எட்டியதும் திரும்பி நேராக ஜன்னலைப் பார்த்தாள். விலகிக்கொள்ள நினைத்தேன், அதற்குள் பார்த்துவிட்டாள்.