மூன்று தண்ணி ஊற்றும்வரை

சூலூரில் எங்கள் வரிசை வீட்டில், பக்கத்துத் தறிகள் ஓடும் நேரம் பார்த்துத்தான் என் அடுத்த வீட்டுச் சண்முகப்ரியா மகனுக்கு வைத்தியம் செய்வாள். அப்போதுதான் அவன் அலறுவது வெளியே கேட்காது. கேட்டால், "பெத்தவளா இவ?" என்று பேச நாலு வாய் காத்திருக்கிறதே!

அபிலாஷ் மலத்துவாரம் இல்லாமல் பிறந்தவன். முதலில் வயிற்றில் ஓட்டை போட்டுப் பை வைத்தார்கள். பிறகு ஆபரேஷன் செய்து கீழே வழி உண்டாக்கி, வயிற்றை மூடினார்கள். அந்த வழி தழும்பேறிச் சுருங்காமலிருக்க, தினமும் வழவழப்பான கம்பியில் களிம்பு தடவி உள்ளே விட்டு எடுக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை சும்மா கிடப்பானா? உதைப்பான், கடிப்பான். முடிந்ததும் அவள் மடியில்தான் வந்து விழுவான்.

பங்குனியில் அவனுக்கு அம்மை போட்டது. அவள் புருஷன் தமிழ்ச்செல்வன் வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, கம்பியைப் பிடுங்கி அலமாரிமேல் வைத்தான்.

"மாரியாத்தா வந்திருக்கிற ஒடம்புல இரும்பு படக்கூடாது புள்ள. தலைக்கு மூணு தண்ணி ஊத்தி அம்மை எறங்கட்டும்."

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமுங்க."

"ஆத்தா ஊட்டுல இருக்கையில டாக்டரா?"

அவளும் விட்டுவிட்டாள். பிள்ளை அழாத வீடு அவளுக்கும் வேண்டியிருந்தது, பாவம்.

இரண்டு வாரம் கழித்து மூன்றாம் தண்ணி ஊற்றிவிட்டுக் கம்பியை எடுத்தால், அது நுழையவே இல்லை. பிள்ளைக்கு வயிறு உப்பி, மலம் நூலாக வந்தது. கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"சுருங்கிருச்சும்மா. அம்மைன்னா எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே," என்றார் டாக்டர். மயக்கம் கொடுத்து விரித்துவிட்டு, சின்னக் கம்பியிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னார். இதற்கும் சரிப்படாவிட்டால் இன்னொரு ஆபரேஷன், மறுபடி வயிற்றில் பை.

"அந்தப் பை மட்டும் வேண்டாமுங்கக்கா. என்ற கையாலயே கெடுத்துப்போட்டேனே," என்று பஸ்ஸில் என் தோளில் முட்டிக்கொண்டாள். தமிழ்ச்செல்வன் படியோரம் நின்று அழுதான். எனக்கு இரக்கமே வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் தறி ஓடத் தொடங்கியதும், பிள்ளையின் காலைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டாள். போனால் பையனைக் காணோம். தேடினால், சாமி படத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். முகமெல்லாம், கையெல்லாம் குங்குமப் புள்ளி.

"எனக்கு மாரியாத்தா வந்துட்டாம்மா. கம்பி வேண்டாம்."

ஐயோ, என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவள் ஈரத்துணியால் ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்தாள். பிறகு, "காலைப் புடிங்கக்கா," என்றாள்.