லென்ஸில் தறிப் பஞ்சு

பாப்பும்மா, உன் பள்ளிக்கூட ஆண்டு விழா டிஸ்க் இன்றைக்கு முழுசாக ஓடியது.

நீ செத்துப்போன பிறகு நீ ஆடுவதைப் பார்க்க எனக்கு இருப்பது அது ஒன்றுதான். பத்து நாளாக எந்த டிஸ்கைப் போட்டாலும் பிளேயர் திக்கித் திக்கி நின்றுவிட்டது. காலையில் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "இதை இன்னுமா வெச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்கக்கா."

"ஏனுங்க, பஞ்சு அடைச்சா தறியவே தூக்கிப் போட்டுருவீங்களா?"

"தறி வேறங்க. இதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க."

எனக்கா புரியாது?

வீட்டுக்கு வந்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினேன். பக்கத்து அறையில் நாளெல்லாம் தறி ஓடுகிற வீடு இது. டிஸ்கைப் படிக்கும் சின்ன லென்ஸ் மேல் பஞ்சு படிந்திருந்தது. மெல்லிய துணியால் துடைத்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளின் கைதான் துடைத்தது. ஓடுகிறது!

இனி "அதைப் பார்த்து அழாதே, எடுத்து வை" என்று எந்தச் சொந்தமும் எனக்குச் சொல்ல வேண்டாம். நான் பார்ப்பேன்.

நீ இருந்தபோது வேலை வேலை என்று ஒருநாளும் கடைசிவரை பார்த்ததில்லை. இன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஆடி முடித்ததும் கேமராவைப் பார்த்து "அம்மா" என்கிறாய். அதற்கு மேல் சொன்னது கைதட்டலில் கேட்கவில்லை.

என்ன சொன்ன, என் சாமி?