கதவ சாத்துன்னு கத்துனவன்

எஹலியகொட பக்கத்துல இருக்க ரப்பர் தோட்டம் அத்தனையிலயும் தேடிப் பாத்தாலும், போன் கேம்ல என்னய ஜெயிச்சவன் ஒருத்தன் கெடைக்க மாட்டான்.

பொய்ங்க. சுத்தப் பொய். என்னய ஜெயிக்காதவன்தான் ஒருத்தனும் இல்ல. பால் பல்லு விழாத ஒரு பய, ஒரு கையில பிஸ்கட்ட வச்சிக்கிட்டு மத்த கையால என்னய சுட்டுக் கொன்னுருக்கான். செத்தது நாந்தான்னு தெரியாம அதுக்கப்பறமும் கொஞ்ச நேரம் போன அமுக்கிக்கிட்டே இருந்தேன்.

நமக்குத் தொழில் ரப்பர் மரத்துல பால் வெட்டுறது. படிப்பு ரெண்டாங் கிளாசு. அதையும் ரெண்டு தரம் படிச்சேன், அவ்வளவு ஆச. கையில இருந்தது பட்டன் போன். அதுல கேம்னு கேட்டா, மணி என்னான்னு பாக்குறதுதான்.

இந்த ஆளுக்கு யார் மேல கோவம்னு கேப்பீங்க. என் சம்சாரத்தோட தம்பி மேல. நம்ம மச்சான். கொழும்புல ஒரு போன் கடையில நின்னவன், கடைய மூடுனதும் நேரா எங்க தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து குடியேறிட்டான். எங்க ரொட்டிய திங்கிறது, எங்க கரண்டுல போனுக்கு சார்ஜ் ஏத்துறது, அந்தப் போனாலயே எங்களப் படம் புடிச்சி சிரிக்கிறது, இதுதான் அவன் உத்தியோகம். போனோட முதுகுல மூணு கண்ணு. லயத்துப் பயலுகளுக்கு அவன்தான் லீடர்.

முந்தி இந்தப் பயலுக கேம் ஆடணும்னா பஸ் ஏறி டவுனுக்குப் போயி, கடையில டிவிக்கு முன்னால வரிசையில குந்தணும். ஊரையே பூட்டி வச்ச அந்த நோய் வந்த காலத்துல பாடமெல்லாம் போனுக்குள்ள வந்திச்சில்ல, அப்பதான் வீட்டுக்கு ஒரு போன் வந்திச்சி. பாடம் திரும்பிப் போயிருச்சி, போன் போகல. மொதல்ல ஒரு போன சுத்தி ஒரு கூட்டமே குந்தும். ஒருத்தன் வெரலால ஆடுவான், மத்தவனெல்லாம் வாயால ஆடுவான். பொறகு ஆளுக்கொரு போன். இப்ப போன் சூடாகுதாம், அது முதுகுல குட்டி ஃபேன் மாட்டுறானுக. நா வேர்த்து ஊத்த பால் வாளியத் தூக்கிட்டு வர்றேன், எனக்கு ஃபேன் இல்ல, போனுக்கு ஃபேன். வெரலுக்கு ஒற போடுறானுக. சில பயலுக ஆடுறதையே விட்டுட்டு, எவனோ ஆடுறத பாத்துக்கிட்டு சோறு திங்கிறானுக. அடுத்தவன் திங்கிறதப் பாத்தா நம்ம வயிறு ரொம்புமான்னு கேட்டேன். "மாமா, ஒங்களுக்கு வெளங்காது"ன்னானுக. சரிதான், வெளங்கல.

ஒரு நா மத்தியானம் நல்ல மழ. மச்சானும் ரெண்டு பயலுகளும் எங்க வாசல்ல குந்திக்கிட்டு துப்பாக்கி கேம் ஆட நாலாவது ஆள் தேடுறானுக. நாலாவது பய போன அவன் அம்மா புடுங்கி மாப்பானையில பொதைச்சிருச்சி.

மச்சான் என்னயப் பாத்தான். "மச்சான், வாங்க. சும்மா நிக்கவாவது ஒரு ஆள் வேணும்."

"எவ்வளவு நேரம்டா நிக்கணும்?"

"நீங்களா? கொஞ்ச நேரந்தான். பயப்படாதீங்க."

என் மகளோட போன வாங்கிக்கிட்டு குந்துனேன். காடு, வீடு, பாலம்னு எல்லாம் அழகா இருந்திச்சி. நம்ம தோட்டத்த விட நல்ல ரோடு. பக்கத்துப் பய தட்டி நடக்க விட்டான், பாத்துக்கிட்டே போனேன். திடீர்னு ஒருத்தன் முன்னால நிக்கிறான். சுடுங்க மாமான்னு பயலுக கத்துறானுக. அமுக்குறேன், துப்பாக்கி வெடிக்கல. திரும்ப அமுக்குறேன், வெடிக்கல. ஓடலாம்னா காலும் ஓடல. அவன் என் நெத்திக்கு நேரா துப்பாக்கிய நீட்டுறான். எனக்கு என்ன ஆச்சின்னு தெரியல, போன மடியில போட்டுட்டு உள்ள பாத்து கத்துனேன்.

"ஐயோ புள்ள, சுடுறான் புள்ள! கதவ சாத்து! கதவ சாத்து!"

என் சம்சாரமும் நல்ல மனுசி. கதவ சாத்திட்டா. நா வெளிய, அவ உள்ள.

பயலுக சிரிச்சத விடுங்க. மச்சான் இன்னொரு போன வச்சி எல்லாத்தையும் புடிச்சிட்டான். அன்னைக்கே தோட்டத்து குரூப்புல போட்டான். அடுத்த நா காலையில பெரட்டுக்கு, அதான் வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துல, வரிசையா நிக்கிறோம், கணக்கப்புள்ள ஐயா பேரு கூப்புடுறாரு, அவரு பாக்கெட்டுக்குள்ள இருந்து என் கொரல் வருது. "ஐயோ புள்ள, சுடுறான் புள்ள! கதவ சாத்து!" அவருக்கு போன் வருதாம். அது ரிங் டோனாம். அவரே வெக்கப்பட்டு எடுக்கத் தெரியாம எடுத்தாரு, அதுவரைக்கும் நா நாலு தரம் செத்தேன். நாட்டுல, அதான் தோட்டத்துக்கு வெளிய பக்கத்து ஊருகள்ல இருந்து வேலைக்கு வர்ற சிங்கள ஆளுகளும் விடல. என்னயக் கண்டா "மாமே, தொர வஹன்ன!" கதவ மூடுங்கன்னு. ரெண்டு பாசையிலயும் மானம் போச்சி.

இதெல்லாம் தாங்குவேங்க. எனக்கென்ன, கோமாளிப் பொழப்பு பழகுனதுதான். தாங்காதது ஒண்ணே ஒண்ணு. மக டவுன் ஸ்கூல்ல ஓ எல் பரீச்சைக்கு படிக்கிறா. காலையில அவ பஸ்ஸுக்குப் போற வழியிலதான் நா வெட்டுற மரமெல்லாம். எந்த மரத்துல நின்னாலும் கத்திய சொருகிட்டு ரோட்டு வரைக்கும் கூட போவேன், பஸ்ஸுல ஏத்தி விடுவேன். ஒரு நா பஸ்ஸு ஜன்னலெல்லாம் ஒரே கொரலா கத்துது, "கதவ சாத்து!" மக திரும்பிப் பாக்காம ஏறுனா. அன்னைக்கி பொழுது சாய வந்து, கீழ பாத்துக்கிட்டே சொன்னா:

"அப்பா, இனி ரோட்டுக்கு வராதீங்க. மரத்துக்கிட்டயே நில்லுங்க."

மரம் மாதிரியே நின்னேன்.

அன்னைக்கி முடிவு பண்ணுனேன். அவன் கொரல ஊர் கேக்கணும். என் கத்தல அழிக்க இன்னொரு கத்தல் வேணும், அது என் மச்சான் தொண்டையில இருந்து வரணும். பெரிய ஆளா இருந்தா மன்னிச்சிருப்பேன். நா சின்ன ஆளு, எனக்கு அந்த வசதி இல்ல.

வழி எப்பிடிக் கெடைச்சிச்சின்னா, ஒரு நா வேல முடிஞ்சி வந்து வெரல்ல காஞ்சிருந்த ரப்பர் பால உரிச்சிக்கிட்டு இருந்தேன். எங்களுக்கு அது தோல் மாதிரி. மெல்லிசா, கண்ணாடி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும், இருக்கிறதே தெரியாது. மக போனு பக்கத்துல கெடந்திச்சி. உரிச்ச வெரலால தொட்டேன், தெறந்திச்சி. உரிக்காத வெரலால தொட்டேன், செத்த பொணம் மாதிரி கெடக்குது. திரும்பத் திரும்பத் தொட்டுப் பாத்தேன். அப்பதான் வெளங்கிச்சி, அன்னைக்கி என் துப்பாக்கி ஏன் வெடிக்கலன்னு. தப்பு என் மேல இல்ல, பாலு மேல.

இத ஊரக் கூட்டி சொல்லியிருந்தா எனக்கு நியாயம் கெடைச்சிருக்கும். நா வாயே தெறக்கல. நியாயத்த வச்சி என்ன செய்ய? எனக்கு வேண்டியது பழி.

நிவித்திகல பக்கத்து தோட்டத்துப் பயலுகளோட மேச் ஒண்ணு வச்சிருந்தானுக, ஞாயித்துக்கெழம மத்தியானம். மச்சான் ஒரு வாரமா அதே பேச்சு. போனத் தொடச்சி தொடச்சி வைக்கிறான், வெரலுக்கு பயிற்சின்னு சோத்தக் கூட கரண்டியால திங்கிறான். ஞாயித்துக்கெழம கைக்காசு வேல இருந்திச்சி, அன்னைக்கே காசு கையில வர்ற வேல. காலையில மரத்த வெட்டிட்டு வந்து பாயில விழுந்தேன். "ஐயோ, இடுப்பு புடிச்சிக்கிச்சி. சிரட்டை எல்லாம் பாலு ரொம்பி நிக்கிது, யாரு எடுக்குறது?"

என் சம்சாரம் தம்பியப் பாத்தா. "போடா. திங்கத் தெரியுதுல்ல, போயி எடுத்துட்டு வா."

"அக்கா, எனக்கு மேச் இருக்கு!"

"மேச்சு மத்தியானந்தான. பாலு அதுவரைக்கும் நிக்குமா?"

போனான். நானும் இடுப்ப புடிச்சிக்கிட்டு பின்னால போயி, மரத்தடியில நின்னு சொல்லிக் குடுத்தேன். "சிரட்டைக்குள்ள வெரல விட்டு நல்லா வழிச்சி எடுக்கணும் மச்சான். பத்து வெரலாலயும். ஒரு சொட்டும் வீணாக்கக் கூடாது, தோட்டத்துக்கு நட்டம்." தோட்டத்து நட்டத்துக்கு நா கவலப்பட்டது பொறந்ததுல இருந்து அன்னைக்கி ஒரு நாதான்.

பீலித் தண்ணியில சவுக்காரம் போட்டு கழுவுனான். சவுக்காரத்துக்கு அது போவாது. தேங்காண்ண போட்டுத் தேய்க்கணும், இல்ல ஒக்காந்து உரிக்கணும். அவன் கைய நீட்டி, "போயிருச்சா மச்சான்?"ன்னு கேட்டான்.

"பளபளன்னு இருக்குடா"ன்னேன். அது பொய் இல்ல.

கழுவுன கையோட மேச்சுக்கு ஓடுனான், பாலர் பள்ளிக்கூடத்து வாசல்ல. அங்கதான் சிக்னல் நல்லா வரும். லயத்துல பாதி சனம் அங்க. மச்சான் நடுவுல ராசா மாதிரி குந்திருக்கான், போன் முதுகுல ஃபேன் சுத்துது. நா தூண் ஓரமா நின்னு பட்டன் போன்ல ரெக்கோட் பட்டன அமுக்குனேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில்நுட்பம் அது.

ஆரம்பத்துல, கை ஈரம் காயிற வரைக்கும், என்னமோ கொஞ்சம் ஓடுனான். பொறகு நின்னுட்டான். போன ஆட்டுறான், சட்டையில தொடைக்கிறான், ஊதுறான். பயலுக கத்துறானுக, "லீடர், சுடு! என்னா பாத்துக்கிட்டு நிக்கிற?" அவன் மூஞ்சில வேர்வ. திடீர்னு வந்திச்சி பாருங்க அந்தக் கொரல், கெடாக்குட்டி மாதிரி:

"ஐயோ அக்கா! கை வேல செய்யலக்கா! என் கை போச்சிக்கா!"

என் சம்சாரம் பீலியில இருந்து ஓடியாறா, ஈரத் துணியோட. அவளுக்கு கேமும் தெரியாது கீமும் தெரியாது, தம்பிக்கு கை விழுந்திருச்சின்னு நெனச்சிட்டா. "ஐயோ, வாதமாடா? எந்தக் கைடா?" போனத் தட்டி விட்டுட்டு அவன் வெரல ஒவ்வொண்ணா இழுத்து சொடக்குப் போடுறா. "அக்கா, விடுக்கா, சுடுறானுக்கா!" "எவன்டா சுடுறான்? வெரல மடக்கு, மடக்குடா!" நிவித்திகல பயலுக அங்க ஜெயிச்சி முடிச்சிட்டானுக, இவ இங்க இன்னும் தம்பிக்கு உசுரு குடுத்துக்கிட்டு இருக்கா.

நா தூணுக்குப் பின்னால பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னேன். சிரிச்சா ரெக்கோட்டுல விழுந்திரும்ல.

அந்த சந்தோசத்துலதான் எனக்கு புத்தி போச்சி. மத்த எவனும் இதப் புடிக்கல, எல்லாப் பய போனும் கேமுக்குள்ள இருந்திச்சி. ஊருலயே என் பட்டன் போன்ல மட்டுந்தான் இருக்கு. அத சட்டைப் பாக்கெட்டுல வச்சிக்கிட்டு அடுத்த நா காலையில பாலு எடுக்கக் குனிஞ்சேன். பொளக்குன்னு ஒரு சத்தம். போனு பால் வாளிக்குள்ள. எடுத்து, கழுவி, ஊதி, வெயில்ல காய வச்சேன். ரப்பர் ஷீட்டா வந்திச்சி, போனா வரல.

உள்ள இருந்த மெமரி கார்டு மட்டும் மிஞ்சிச்சி. அத எடுத்துக்கிட்டு பயலுககிட்ட போனா, இப்ப வாங்குற போன்ல கார்டு போடுற ஓட்டையே இல்லயாம். "மாமா, அதெல்லாம் பழசு"ன்னானுக. மச்சானோட மூணு கண்ணு போன்லயும் ஓட்டை இல்ல. ஓட்டை உள்ள போனு தோட்டத்துலயே ஒண்ணுதான். அது கணக்கப்புள்ள ஐயாவோடது. அந்தப் போன்லதான் நா கத்திக்கிட்டு இருக்கேன், அதக் கேட்டுப் போக எந்த மூஞ்சோட போறது?

வேற வழி இல்லாம மககிட்ட சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன், இடுப்பு வலி உட்பட. திட்டுவான்னு நெனச்சேன். அவ பக்கத்துல வந்து குந்துனா. பொறகு கேட்டா, "அந்த சத்தம் நெசமா கெடா மாதிரி இருந்திச்சாப்பா?"

"கெடாவே தோத்துரும் பாப்பா."

"அப்ப டவுனுக்குப் போவோம். அங்க ஒரு கடையில அக்கா ஒருத்தவங்க பழசெல்லாம் தெறந்து குடுப்பாங்க. நா எடுத்து குரூப்புல போடுறேன். ஸ்கூல் குரூப்புலயும் போடுறேன். பஸ்ஸுல கத்துனானுகள்ல, இனி இதக் கத்தட்டும்." பல்லக் கடிச்சிக்கிட்டு சொன்னா. என் புள்ளதான், சந்தேகமே இல்ல.

அதான் இன்னைக்கி ரெண்டு பேரும் பஸ் ஏறி வந்தோம். மக கடைக்குள்ள, அவ சொன்ன அந்தக் கடைக்கார சிங்களப் புள்ளகிட்ட நிக்கிறா. அது கார்டுல ஒட்டுன பால ஊசியால சொரண்டிக்கிட்டு இருக்கு. நா இங்க வாசப்படியில, சனத்துக்கு வழி விட்டுக்கிட்டு ஒங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். உள்ள நிக்க என் நெஞ்சு தாங்காது.

மச்சான் காதுக்கு இந்த கார்டு சங்கதி எப்பிடியோ போயிருச்சிங்க. தோத்ததுல இருந்து அவன் போனயே குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தான். இது சின்னப் பயலுக சாமானாம், இனி அவன் கம்பியூட்டர்லதான் ஆடுவானாம். காலையில நாங்க கெளம்புறப்ப அந்த ஆளு அப்பிடியே மாறிட்டான். வாசல்ல வந்து நிக்கிறான், கையில டீ. எனக்கு டீ! வந்ததுல இருந்து ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுக்காத பய. "மச்சான், நம்ம குடும்பத்துக்குள்ள எதுக்கு இதெல்லாம்? நா ஒங்க ரிங் டோன எல்லார் போன்லயும் அழிக்கச் சொல்றேன், நீங்க அந்த கார்ட எனக்கு…"ன்னு இழுக்குறான். நா டீய வாங்கி மொள்ளமா குடிச்சேன். இனிப்பு நல்லாத்தான் போட்டிருந்தான். டம்ளர கீழ வச்சிட்டு, அவன் மூஞ்சக் கிட்டப் போயிப் பாத்து சொன்னேன், மச்சான், நீ சொல்றதும் ஒரு வழிதான், ஆனா என் மக பஸ்ஸுல—

"அப்பா! அப்பா! வருதுப்பா, சத்தம் வருது! இங்க ஓடியாங்கப்பா!"

இருங்க. பஜாரே திரும்பிப் பாக்குது, என் மக கூப்புடுறா.