திருத்தம் வருகிறாள்

சந்தைத் தெரு முனையில் ஜீப்பைத் திருப்ப இடமில்லை. அதனால் என் தங்கை அதைப் பின்னோக்கியே ஓட்டி வருகிறாள். ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை மைக்கில், முகம் பின்பக்கம். "திருத்தம்! திருத்தம்! குடிதண்ணி நாளைக்கு வராதுன்னு சொன்னேன். தப்பு. நாளைக்கு வரும், நாளன்னைக்குத்தான் வராது. தண்ணி பிடிச்சு வெச்சவங்க கோவிச்சுக்காதீங்க, தண்ணி எங்கயும் ஓடிப்போகாது!"

மாடியில் துணி காயப்போடும் பெண் எட்டிப் பார்க்கிறாள். "தண்ணி ஓடாது, தூக்கித் தூக்கி என் இடுப்பு ஒடிஞ்சுபோச்சே!"

"மன்னிச்சுக்கோ அக்கா! நாளன்னைக்கு உட்கார்ந்து ஓய்வெடு!"

ஜீப் அடுத்த வீட்டுக்கு நகர்கிறது, அதுவும் பின்னோக்கியே.

என் தங்கை காவல்துறையில் கான்ஸ்டபிள். ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பில் தெருத் தெருவாகப் போய் அறிவிப்புச் சொல்வது அவள் வேலைகளில் ஒன்று. அறிவிப்பு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தவறாகச் சொன்னதை அதே தெருக்களில், அதே வரிசையில், அதே சத்தத்தில் திருத்திச் சொல்வது இவள் ஒருத்திதான். அதனால் அவளுக்கு ஊர் வைத்த பெயரே 'திருத்தம்'. "திருத்தம் போகுது பாரு" என்று சிறுபிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

ஆள் குள்ளம். இடுப்பு வாரை இறுக்க நான்தான் ஆணியால் கூடுதலாக ஓட்டை போட்டுக் கொடுத்தேன். தொண்டை கட்டாமல் இருக்க வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். அறிவிப்பின் நடுவே அது பல்லில் இடிக்கும் சத்தம் ஒலிபெருக்கியில் டக்டக்கென்று கேட்கும். சீருடையை அவளே துவைத்து, அவளே தேய்ப்பாள். நான் பெயர்ப்பலகை எழுதுகிறவன். என் கடைக்கு வந்தால் பெயிண்ட் பட்டுவிடும் என்று எதிலும் சாயாமல், எதையும் தொடாமல், நடு அறையில் கொக்கு மாதிரி நிற்பாள்.

இந்தத் திருத்தம் சொல்லும் குணம் சீருடையோடு வந்ததல்ல. எனக்குப் பெண் பார்த்தபோது, "மாப்பிள்ளை குறட்டை விடுவாரா?" என்று பெண் வீட்டில் இவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் மேல் உள்ள பாசத்தில், "சே சே" என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணத்தன்று மணப்பெண் அறைக்குள் புகுந்து, "அண்ணி, அன்னைக்கு இல்லைன்னு சொன்னது தப்பு. விடுவாரு. நல்லா விடுவாரு" என்று சொல்லிவிட்டு வந்துதான் பந்தியில் உட்கார்ந்தாள். "அதைச் சொல்ற நேரத்தைப் பாரு!" என்று என் மனைவி இன்றும் சிரிக்கிறாள். ஆனாலும் என் மனைவி எதையாவது உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் என்னிடம் கேட்பதில்லை. நாத்தனாரிடம்தான் கேட்கிறாள்.

பெருந்தொற்று வந்த வருடம் இந்தக் குணத்துக்குச் சோதனை வந்தது.

ஒவ்வொரு கடை வாசலிலும் கறுப்புக் கட்டம் போட்ட ஒரு சதுரத்தை ஒட்டினார்கள். செல்போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு, அதை அந்தச் சதுரத்துக்கு நேரே காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். யார் எப்போது எந்தக் கடையில் இருந்தார்கள் என்பது அதில் பதிந்துவிடும். கடைக்கு வந்த ஒருவருக்கு நோய் என்று தெரிந்தால், அதே நேரம் அங்கே இருந்த மற்றவர்களுக்குச் சுகாதார அலுவலகம் தகவல் சொல்லும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சனங்கள் தயங்கினார்கள். எங்கே போனோம், யாரோடு இருந்தோம் என்று போலீஸ் பார்த்துவிடுமே!

மேலிடத்திலிருந்து விளக்கம் வந்தது: நோய்க்கு மட்டும்தான், வேறு எதற்கும் இல்லை. என் தங்கை அதை நம்பினாள். சந்தை வாசலில் நின்று, தயங்கியவர்களுக்கெல்லாம் செயலியைப் போடச் சொல்லிக் கொடுத்தாள். ஒருவர் போனையும் அவள் தொடவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "மேல ஒரு அம்பு இருக்கு பாருங்க, அதைத் தொடுங்க. நான் தொட மாட்டேன். போன் உங்களுது, விரலும் உங்களுதாவே இருக்கட்டும்" என்பாள்.

கடைசிவரை மசியாதவர் சலூன்காரர். "போலீஸ் பாக்காதுன்னு போலீஸே சொன்னா எப்படிம்மா நம்புறது?"

"அண்ணே, நானே போலீஸ். என்னாலயே பாக்க முடியாது. போதுமா?"

"உன் வாய்ல மிட்டாய் இருக்கு, பொய் இருக்காதுன்னு நம்புறேன்" என்று சொல்லிவிட்டு அவரும் போட்டுக்கொண்டார். அவர் போட்டதும் அந்த வரிசைக் கடைகள் எல்லாம் போட்டன. அவள் சொன்ன அதே வாசகத்தை நான் பலகையாக எழுதிக் கொடுத்தேன். வெள்ளைப் பலகை, நீல எழுத்து: 'இந்தச் செயலி நோய்த்தடுப்புக்கு மட்டுமே. காவல்துறை பார்க்க முடியாது.' எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனால் என் எழுத்தில் ஒரு கால் கோணியிருந்தது என்று யாரும் சொன்னதில்லை. சந்தை வாசலில் அது பளிச்சென்று நின்றது.

பிறகு ஒரு மாலை, போன் கடைக் கண்ணாடியை உடைத்து யாரோ புதுப் போன்களை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். பார்த்த சாட்சிகளைத் தேடிக் காவல் நிலையம், அந்த நேரத்தில் அக்கம்பக்கக் கடைகளில் இருந்தவர்களின் விவரத்தைச் சுகாதார அலுவலகத்திடம் கேட்டது. அவர்களும் கொடுத்துவிட்டார்கள். அன்று இரவே நிலையத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் போன் போனது.

மறுநாள் சலூன்காரர் தோளில் துண்டோடு, கையில் சீப்போடு, ஜீப்பின் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா திருத்தம், உன்னால பாக்க முடியாதுன்னியே?"

"ஆமா. முடியாது."

"அப்ப நேத்து சாயங்காலம் நான் பேக்கரியில இருந்தது உங்க ஸ்டேஷனுக்கு எப்படித் தெரியும்? போனை எடுத்தது என் வீட்டுக்காரி! எனக்கு சர்க்கரை இருக்கு. நான் கேக் தின்னதை அவளுக்குப் போலீஸா வந்து சொல்லணும்? ராவெல்லாம் விசாரணை, வீட்டுல!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் தங்கை சிரிக்கவில்லை. வாயிலிருந்த மிட்டாயைத் துப்பினாள். நேராக நிலையத்துக்குப் போனாள்.

ஆய்வாளர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். "சட்டப்படி தப்பில்லம்மா. விசாரணைக்கு எந்த விவரத்தையும் கேட்டு வாங்கலாம்னு பழைய சட்டமே இருக்கு. நோய்க்கு மட்டும்னு எழுதினவங்க அதைக் கவனிக்கல."

"சட்டம் தப்புன்னு சொல்லல சார். நான் சொன்னது பொய்யாயிடுச்சு."

"அதுக்கு?"

"திருத்தம் சொல்லணும்."

"சொன்னா எல்லாரும் அதை அழிச்சுடுவாங்க. நோய் பரவினா யாரு பொறுப்பு? நீயா?"

ஆய்வாளர் இப்படிக் கேட்டதையும் அவள் என்னிடம் மறைக்கவில்லை. "அழிக்கறவங்க அழிப்பாங்க சார். ஆனா அவங்களா ஒவ்வொருத்தரா கண்டுபிடிச்சா, அப்புறம் நான் மழை வருதுன்னு மைக்ல சொன்னாக்கூட ஒருத்தரும் குடை எடுக்க மாட்டாங்க" என்றாள்.

"மேல கேட்டா உன் பேரைத்தான் சொல்வேன்."

"சொல்லுங்க சார். பேரைச் சரியா சொல்லிடுங்க."

ஆய்வாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஜீப்ல டீசல் இருக்கான்னு பாத்துக்கோ" என்றார்.

பலகையைக் கழற்றி ஜீப்பின் மேல் கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். "வெள்ளை அடிச்சுப் புதுசா எழுதித் தர்றேன்" என்றேன்.

"வேணாம்ணா. அழிக்காதே. பழைய வரி மேல ஒரு கோடு போடு. வரியும் தெரியணும், கோடும் தெரியணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என் தொழில்ல அடிச்சு எழுதினா, எழுதினவனுக்குக் கை சரியில்லைன்னு அர்த்தம். ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கும்."

"அழிச்சா, நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு ஆயிடும்ணா. சிரிச்சா என்னைப் பாத்துச் சிரிக்கட்டும். வேணும்னா என் பேரையும் பக்கத்துல எழுது."

பெயரை எழுதவில்லை. 'காவல்துறை பார்க்க முடியாது' என்ற வரியின் மேல் அடிக்கோல் வைத்து ஒரு மெல்லிய சிவப்புக் கோடு இழுத்தேன். அடிப்பதாக இருந்தாலும் கோணாமல் அடிக்க வேண்டுமல்லவா? அதன் கீழே அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'திருத்தம்: காவல்துறை கேட்டு வாங்கலாம். ஒருமுறை வாங்கியது.' அந்தக் கடைசி வாக்கியம் வேண்டுமா என்று கேட்டேன். அதுதான் முக்கியம் என்றாள். ஓரத்தில் சுகாதாரச் செவிலியரின் போன் எண்ணையும் எழுதச் சொன்னாள். செயலியை அழிக்கிறவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது என்றாவது தெரிய வேண்டுமே.

அன்று முழுக்க ஊர் அவள் குரலைக் கேட்டது. அதே தெருக்கள், அதே வரிசை. சலூன்காரர் ஜீப்புக்கு முன்னாலேயே நின்று செயலியை அழித்தார். அவருக்கு அழிக்கத் தெரியவில்லை. அதையும் அவள்தான், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அழுத்திப் பிடிங்க, இன்னும் கொஞ்சம், ஆங், இப்ப விடுங்க" என்று சொல்லிக் கொடுத்தாள். இன்னும் பலர் அழித்தார்கள். பலர் அழிக்கவில்லை. சில வீடுகளில் அவள் முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் என் மனைவி ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடிக்க மறந்து ஆறவைத்துவிட்டாள். "இனிமே என் பேச்சை யாரும் கேக்க மாட்டாங்க போல, அண்ணி" என்றாள். போன் திருடன் பிடிபட்டது எந்தச் செயலியாலும் அல்ல. திருடிய போனுக்குச் சார்ஜர் வாங்க அவனே அதே கடைக்கு வந்து நின்றான்.

சில வாரங்கள் கழித்துப் புதுச் சட்டம் வந்தது. செயலியில் பதியும் விவரத்தைக் காவல்துறை எந்த விசாரணைக்கும் தொடக்கூடாது. என் தங்கையால்தான் வந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். எழுதினால் ஜீப்பைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டு என் கடை வாசலுக்கு வந்துவிடுவாள். பல ஊர்களில் பலர் கேட்டார்கள், அதனால் வந்தது. அவளும் கேட்டவர்களில் ஒருத்தி.

பலகை மறுபடி என் கடைக்கு வந்தது. திருத்தத்தின் மேலும் ஒரு சிவப்புக் கோடு. இந்த முறை நான் வாதாடவில்லை. கீழே ஒரு துண்டுப் பலகையைச் சேர்த்து வெள்ளை அடித்து, காய்ந்த மேல்பாதியில் புது வரியை எழுதிக்கொண்டிருந்தேன். அவள் வழக்கம்போல் எதிலும் படாமல் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டியது. சலூன்காரர்.

பலகையை மேலிருந்து கீழ்வரை சத்தமாகவே படித்தார், அடித்த வரிகளையும் விடாமல். "பார்க்க முடியாது. அடிச்சாச்சு. கேட்டு வாங்கலாம். அதையும் அடிச்சாச்சு. இப்ப, சட்டப்படி தொடக்கூடாது." சீப்பால் காதோரம் சொறிந்துகொண்டார். "இதையாவது அடிக்காம வெச்சிருப்பியா?"

"இன்னைக்குச் சட்டம் இதுதான் அண்ணே. நாளைக்கு மாறாதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் என் தங்கை. பிறகு, இத்தனை வருடத்தில் என் கடையில் ஒரு பொருளையும் தொடாதவள், குனிந்து, பலகையின் அடியில் ஈரம் காயாத வெள்ளை மேல் உள்ளங்கையை அப்படியே பதித்தாள். "மாறினா எழுத இவ்வளவு இடம் விடச் சொல்லியிருக்கேன்."

சலூன்காரர் அந்தக் கைத்தடத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் நீட்டினார். "அப்ப அந்தச் செயலியை நீயே போட்டுக் குடு."

அவள் சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். தேய்த்த மடிப்பு கலையாத சீருடையில், இடுப்பு வாருக்கு மேலே, வெள்ளைப் பெயிண்ட் அப்பியது. "மேல ஒரு அம்பு இருக்கு பாருங்க" என்றாள்.