உப்புக்காத்து ரெக்கார்ட்ஸுல அருள் கொரல் இல்ல

அருளு... மச்சான்... உன் கொரல அழிச்சவன் நான்தான்டா!

நீங்களும் கேளுங்க. உப்புக்காத்து ரெக்கார்ட்ஸுன்னு ஒரு லேபிளு, நாங்க ரெண்டு பேரும் ஆரம்பிச்சது. சினிமாக்காரங்க வாசல்ல போய் நிக்காம, நம்ம பாட்ட நாமளே நெட்டுல உடலாம்னு. அவன் எழுதிப் பாடுவான். மியூசிக்கு, மிக்ஸிங்கு நானு.

"லேபிளுன்னா சட்டக் காலர்ல குத்துமே, அதா?"ன்னு அவன் அம்மா கேட்டாங்க.

"ஆமாம்மா, இது ஊருக்கே குத்தப்போவுது"ன்னான்.

ஸ்டுடியோ ஏது? சிதம்பரத்துல டெய்லர் கடைக்கு மேல ஒரு ரூமு. கீழ குமராட்சி மினிபஸ்ஸு ஆரன் அடிச்சிக்கிட்டே கெடக்கும். அதுக்காக தலையோட போர்வைய போத்திக்கிட்டு, உள்ள மைக்க புடிச்சிப் பாடுவான். வேர்த்து ஊத்தும். "டேய், இது பாட்டா, ஆவி புடிக்கிறதா?"ன்னு உள்ளேருந்தே கத்துவான்.

கடலூர் சிப்காட்டுல ஷிப்டு முடிச்சி நேரா வருவான். கொரலு கரகரன்னு இருக்கும்... எனக்கு அது வெக்கமா இருந்திச்சி. ஆமா, வெக்கம்! மெட்ராஸ் பாட்டு மாரி வழவழன்னு வேணும்னு, ஒவ்வொரு பாட்டுலயும் கம்ப்யூட்டர்ல போட்டு தேய்ச்சி தேய்ச்சி வேற ஆளா ஆக்கிட்டேன்.

"என் கொரல அப்பிடியே உடேன்டா."

"ட்ரெண்டு தெரியாம பேசாத மச்சான்."

சிரிச்சான். "சரி, நான் பாடுனத தனியா எடுத்து வையி. கெழவனானப்புறம் கேட்டு சிரிக்கலாம்"ன்னான்.

வச்சிருக்கேன்னு சொன்னேன். வைக்கல. எடம் பத்தலன்னு ஒவ்வொன்னா அழிச்சேன்... ஏன் சொல்லல? அவன்தான் இருக்கானே, திரும்பப் பாடிடுவான்னு நெனச்சேன்!

ஒரு நாளு மழையில பைக்கு சறுக்கி, ஒரேயடியா போயிட்டான். போனும் நொறுங்கிடுச்சி. வாய்ஸ் மெசேஜு கூட இல்ல... எதுன்னாலும் போன் பண்ணித்தான் திட்டுவான்.

சர்ச்சுல முப்பதாம் நாள் பூசை முடிஞ்சி அவுங்க வூட்டுல, அம்மா கேட்டாங்கன்னு ஒரு பாட்டு போட்டேன். காதோட வச்சி முழுசா கேட்டாங்க.

"நல்லாருக்கு தம்பி... யாரு பாடுறது?"

"அருள்தாம்மா..."

"என் புள்ள கொரலு எனக்குத் தெரியாதா? அவன் பாடுனத போடுப்பா."

வேற டிஸ்க்குல இருக்கு, தேடுறேன்னேன். இன்னும் அதையேதான் சொல்றேன். ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிட்டு வந்து போன் பண்ணுவாங்க. "கெடச்சிதாப்பா?"

எனக்கும்தான் வேணும் அந்தக் கரகரப்பு! அதே போர்வைய போத்திக்கிட்டு ஒக்காந்து பாக்குறேன்... மினிபஸ் ஆரன்தான் கேக்குது.

எனக்காக வேணாம். அருளுக்காக எல்லாரும் ஜெபம் பண்ணுங்க. மனசுக்குள்ள வேணாம், வாய் உட்டு பண்ணுங்க... உங்க கொரலு எப்பிடி இருக்கோ, அப்பிடியே.