மக்காச்சோளம் அறுப்பதற்குள்

எங்கள் கம்பெனி பாலம் கட்டும், சாலை போடும், ஊர் ஊராகத் தண்ணீர்க் குழாய் பதிக்கும். கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு தகரக் கொட்டகையில் தொடங்கியது. இப்போது டவுனுக்குள் ஃபேர்லேண்ட்ஸில் கண்ணாடி மாடி. லிஃப்டில் கூட வருகிறவர்களில் பாதிப்பேரை எனக்கே தெரியாது. மதியம் டிபன் பாக்ஸ் திறந்தால் ஒடியா, இந்தி, தெலுங்கு, நடுவே நம் கொங்குப் பேச்சு. ஆள் எடுப்பதும் மாற்றுவதும் என் வேலை. கம்பெனி ஊருக்குச் செய்யும் நல்ல காரியங்களும் என் மேசைக்குத்தான் வரும்.

அப்படித்தான் மல்லசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்தோம். ரிப்பன், சால்வை, போட்டோ. விழா முடிந்ததும் முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அப்படியே பாலம் சைட்டுக்குப் போயிட்டு, அந்தப் பொண்ணை ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்துருங்க. அடுத்த வாரத்துல இருந்து அங்க வசதிப்படாதுங்கறாங்க."

அந்தப் பொண்ணு எங்கள் முதல் பெண் சைட் இன்ஜினியர். கம்பெனி மலரின் அட்டையில் ஹெல்மெட்டோடு சிரிப்பவள். பாலத்தின் மேல்தளத்துக்குக் கம்பி கட்டியதை முழுக்க அவள்தான் வெயிலில் நின்று பார்த்தாள். அடுத்த வாரம் கான்கிரீட். அதற்கு முன்னால் கூப்பிடுவது, சமைத்தவளைப் பந்தி போடும்போது வெளியே அனுப்புகிற மாதிரி.

வழியெல்லாம் கோழிப்பண்ணை, லாரிப் பட்டறை, வெயில், மறுபடி வெயில். என்ன வசதிக் குறைச்சல் என்று அவளிடமே கேட்டேன். கையை நீட்டினாள். சைட்டை ஒட்டி ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம், காய்ந்து, காற்றடிக்கும் பக்கமெல்லாம் சரசரவென்று.

"அதுதான் மேடம் எங்க லேடீஸ் டாய்லெட். வர்ற வாரம் அறுக்கறாங்க."

கலவைச் சட்டி சுமக்கும் உள்ளூர் அக்கா ஒருத்தி இடையில் புகுந்தாள். "ரெண்டு சால் சோளத்தை மட்டும் உட்டு அறுங்கன்னு சோளக்காட்டுக்காரரைக் கேட்டமுங்க. பாலத்தையே கட்டறீங்க, நாலு செவுரு கட்டத் தெரியாதான்னு சிரிக்கறாருங்க. பேசாம எங்களையும் உங்க ஏசி ரூமுக்கே கூட்டிட்டுப் போயிருங்க சாமி!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பொண்ணு சிரிக்கவில்லை. "தளம் போட்டப்புறம் எங்க வேணா மாத்துங்க மேடம். அதுக்கு முன்னாடின்னா நான் பேப்பர் போட்டுடறேன்."

சைட் மேனேஜர் வரைபடத்தை விரித்தார். சிமெண்ட் கிடங்கு, சோதனை அறை, காவலாளி அறை, பூஜை போட ஒரு மூலை. எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. ஆண்களுக்குக் கட்டத்துக்கு வெளியே உலகமே கிடக்கிறது. "மறந்துட்டமுங்க" என்றார்.

முதலாளிக்குப் போன் போட்டேன். "பள்ளிக்கூடத்துல கட்டுன கொத்தனாருங்க இன்னும் கிளம்பலீங்க. இங்க திருப்பி உடட்டுங்களா?"

"கொஞ்ச நாள்ல சைட்டையே காலி பண்ணப் போறோம். எதுக்குங்க?"

"அந்தக் கொஞ்ச நாள்தான் அவ இருக்கணுங்கறா. இல்லீன்னா வேலைய உட்டே நின்னுக்கறாளாம். மலருக்கு வேற அட்டை போடணுமுங்க."

"சரி, சோளம் அறுக்கறதுக்குள்ள முடிக்கச் சொல்லுங்க" என்றார்.

முடித்தார்கள். கான்கிரீட் அன்றைக்கு நானும் போனேன். தளம் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக்கூடாது. இறுகியதோடு புதியது ஒட்டாது. விடிந்ததிலிருந்து மேலேயே நின்றவள் ஒரு சமயம் வேலையைத் துணை ஆளிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்தாள். கதவுக்கு முன்னால் ஏற்கெனவே வரிசை.

"இஞ்சினியரம்மா, கடைசில நில்லுங்க சாமி" என்றாள் அந்த அக்கா. "இதுக்குமா சிபாரிசு?"

மேலிருந்து கான்கிரீட் பம்ப்காரர் கத்தினார்: "மேடம், அடுத்த வண்டி வந்துருச்சு!"

"வரட்டுமுங்க!" என்று அக்காவே திருப்பிக் கத்தினாள். முன்னால் நின்ற ஒடியாக்காரப் பெண் சிரித்தபடி ஒதுங்கி வழி விட்டாள். கலவை லாரி உருளையைச் சுற்றிக்கொண்டே காத்து நின்றது.