மூத்திரம் எரிந்த வருடம்

அந்த வருடத்தில் ஆறாவது தடவையாக எனக்கு மூத்திரம் எரிந்தபோது, என் கணவர் சோற்றுப் பீங்கானைச் சுவரில் அடித்து உடைத்தார்.

அவர் ஒலுவில் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துபவர். நான் சாய்ந்தமருதில் கணிதம் படிப்பிக்கிறேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி, என் உம்மாவும் வாப்பாவும் எனக்குக் கட்டித்தந்த வீட்டுக்குத்தான் அவர் மாப்பிள்ளையாக வந்தார்.

எரிச்சல் தொடங்கினால் பார்மசியில் மாத்திரை வாங்குவேன். இரண்டு நாளில் சுகம் வரும். மிச்சத்தை அடுத்த முறைக்கென்று எடுத்துவைப்பேன். அடுத்த முறை முன்னதைவிடச் சீக்கிரம் வந்தது. கண்ணாடித் தூள் இறங்குவது போல வலிக்கும். பிறகு இரத்தமும் வந்தது.

இது நடத்தை கெட்ட பெண்களுக்கு வரும் வருத்தம் என்று துறைமுகத்தில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்று ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர், நான் மூன்றாம் முறையாகக் கழிவறைக்குப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆருக்கிட்ட எடுத்த இந்த வருத்தத்த?” என்று கேட்டார்.

கேள்வி எனக்கு விளங்குவதற்குள் பீங்கான் உடைந்தது. என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். விழுந்ததும் அடிவயிற்றில் உதைத்தார். எனக்கு எங்கே வலி என்று அவருக்குத் தெரியும். அடக்க முடியாமல் தரையிலேயே போய்விட்டேன். சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்த பிறகும் இன்னொரு முறை உதைத்தார்.

பக்கத்து வளவில் இருந்த, எனக்கு மூத்தவரான ராத்தா சத்தம் கேட்டு ஓடிவந்து, என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. காய்ச்சலில் பல் கிட்டியது. விழுந்தீர்களா என்று பெண் டாக்டர் கேட்டார். “இல்ல, மச்சான் அடிச்சார்” என்று கணவரைச் சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

சில நாட்களில் மூத்திரப் பரிசோதனை அறிக்கை வந்தது. டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்து விளக்கினார். மூத்திரப் பையில் கிருமியே இருக்காது என்றுதான் முன்பு நினைத்தார்களாம். அங்கேயும் சின்ன உயிர்கள் குடியிருக்கின்றன, அவற்றில் சில நமக்குக் காவல் என்று இப்போது தெரிகிறதாம். நான் பாதியில் நிறுத்திய மாத்திரைகள் காவலையும் சேர்த்துக் கொன்றிருக்கலாம், கெட்டதில் பலமானது மிஞ்சியிருக்கலாம் என்றார்.

“இது ஆரும் தந்த கிருமி இல்ல. உங்கட குடல்ல இருந்ததுதான் அங்க போயிருக்கு.”

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாள் அந்தத் தாளை அவரிடம் கொடுத்தேன். டாக்டரும் பொம்பிளைதானே என்று சொல்லிக் கிழித்தார். தடுக்க நீட்டிய என் கையைப் பிடித்து முறுக்கினார். சின்னவிரல் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மற்றக் கைக்கு வீடு கூட்டும் தும்புத்தடி அகப்பட்டது. அதன் கட்டையால் அவர் முகத்தில் அடித்தேன். புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. திரும்பவும் அடித்தேன்.

“இது என்ட ஊடு. வெளிக்கிடுங்க மச்சான்.”

போனார். கேற்றைப் பூட்டிவிட்டு ராத்தா வந்து பார்த்தபோது, நான் தும்புத்தடியை இன்னும் விடாமல் பிடித்திருந்தேனாம்.

காதி நீதிமன்றத்தில் ஆண்களுக்கு முன்னால் மூத்திரம், இரத்தம், உதை என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னேன். டாக்டர் எழுதியதன் பிரதியையும் கொடுத்தேன். பல தவணைகள் போய் விவாகரத்துக் கிடைத்தது. எரிச்சல் பிறகும் இரண்டு தடவை வந்தது. மருந்தைக் கடைசி மாத்திரை வரை குடித்தேன். இப்போது ஒரு வருடத்துக்கு மேலாகச் சுகம்.

போன மாதம் வேறு ஊரிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தார். தன் தங்கைக்கு என் பழைய கணவரை மாப்பிள்ளை பேசுகிறார்கள், ஆள் எப்படி என்று கேட்டார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் நன்றி சொல்லி போனை வைத்தார்.

அந்தத் தங்கைக்கும் அவருக்கும் கலியாணம் நடந்துவிட்டது என்று ராத்தா கேள்விப்பட்டிருக்கிறார்.